பீங்கானில் வெண்கலம்: சீன அரண்மனைச் சாடிகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

சீனப் பேரரசர் சியான்லோங் காலத்துப் பீங்கான் சாடிகளில் ஒரு வகை உண்டு. கழுத்தின் இரு பக்கமும் சின்னக் குழாய் போல இரண்டு காதுகள் ஒட்டியிருக்கும். மேலிருந்து கீழாக அவற்றில் துளை போகும். அரண்மனையில் இருந்தவரை அந்தத் துளைக்கு எந்த வேலையும் இருந்ததில்லை. கைப்பிடி என்று சொல்லலாம் என்றால், விரல் நுழையக்கூட இடம் கிடையாது. அழகுக்கு என்றால், அதைவிட அழகான காதுகளைச் செய்யத் தெரிந்த கைகள்தான் அவை.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே உருவத்தில் வெண்கல மதுச்சாடிகள் இருந்தன. அவை கனமானவை. காதுத் துளையில் கயிறு கோத்துத்தான் தூக்கினார்கள். பின்னால் வெண்கலம் போய்ப் பீங்கான் வந்தது, கயிறும் போனது. துளை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

பழைய வெண்கலப் பாத்திரங்களின் உருவத்தில் செய்த சீன அரண்மனைப் பீங்கானைப் புரிந்துகொள்ள, இப்படிப் பயனில்லாமல் தங்கிப்போன உறுப்புகளைப் பின்தொடர்வதே நல்ல வழி என்று நினைக்கிறேன். அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வதைவிட அது எளிது, பலனும் அதிகம்.

முதலில் வெண்கலம்

ஷாங் வம்சம் ஏறத்தாழ கி.மு. 1600 முதல் 1046 வரை ஆண்டது. அதன்பின் சௌ வம்சம். இந்த இரண்டு காலத்திலும் வெண்கலம் என்பது சமையலறைப் பண்டம் அல்ல. முன்னோர்களுக்கு உணவும் மதுவும் படைக்கும் சடங்கில்தான் அதற்கு முதல் இடம். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பாத்திரம் இருந்தது. இறைச்சி வேகவைக்க டிங் என்ற கால் வைத்த பெரிய பாத்திரம், தானிய உணவுக்கு குவெய், மதுவைச் சேர்த்துவைக்க ஹூ, சுன். மது அருந்த கூ, அதாவது நடுவில் ஒடுங்கி மேலே எக்காளம் போல விரியும் உயரக் குவளை.

இவற்றில் டிங் பாத்திரத்துக்குத் தனி மரியாதை. ஆன்யாங்கில் 1939இல் கிடைத்த ஒரு டிங் இப்போது பெய்ஜிங்கில் உள்ள சீன தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எடை 832.84 கிலோ. ஒரு அரசிக்காக வார்த்தது. இவ்வளவு உலோகத்தைத் தோண்டி எடுத்து, உருக்கி, ஒரே பாத்திரமாக வார்ப்பதற்கு எத்தனை பேரை வேலை வாங்கும் அதிகாரம் வேண்டும் என்று யோசித்தால், வெண்கலமும் ஆட்சியும் ஏன் பிரியாமல் இருந்தன என்பது விளங்கும்.

ஒரு பழைய கதையும் இதைச் சொல்கிறது. ஒன்பது டிங் பாத்திரங்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவரே நாட்டை ஆளத் தகுதியானவர் என்பது நம்பிக்கை. கி.மு. 606இல் தெற்கே சூ நாட்டு அரசன் சுவாங், சௌ மன்னனின் எல்லையில் படையை நிறுத்திக்கொண்டு, அந்த டிங்குகள் எவ்வளவு எடை என்று விசாரித்தானாம். எடையைக் கேட்பது தூக்கிப்போகும் எண்ணத்தோடுதானே? சௌ மன்னனின் தூதர், ஆள்வதற்கு வேண்டியது அறம், டிங் அல்ல என்று பதில் சொல்லி அனுப்பினார். இன்றைக்கும் சீன மொழியில் ஆட்சியைக் கைப்பற்ற நினைப்பதை 'டிங்கின் எடையைக் கேட்பது' என்றே சொல்கிறார்கள்.

இனி வார்ப்பு முறை. இது கொஞ்சம் முக்கியம், பின்னால் தேவைப்படும். நமக்குப் பழக்கமான மெழுகு வார்ப்பு அல்ல அது. முதலில் களிமண்ணில் பாத்திரத்தின் மாதிரியைச் செய்வார்கள். அதன்மேல் இன்னொரு களிமண் படலத்தை அழுத்தி, அச்சு பதிந்ததும் துண்டு துண்டாக வெட்டி எடுப்பார்கள். பிறகு உள்ளே வைக்க ஒரு களிமண் கரு. வெளி அச்சுத் துண்டுகளைக் கருவைச் சுற்றிப் பொருத்தி, இடைவெளியில் செம்பும் வெள்ளீயமும் ஈயமும் கலந்த உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். துண்டுகள் சேரும் இடங்களில் உலோகம் கசிந்து கோடு விழும். அந்தக் கோட்டை மறைக்க முயலாமல், அதையே தடித்த செங்குத்து விளிம்பாக, பல்வரிசை போல வெட்டிய வரம்பாக மாற்றிவிட்டார்கள். ஷாங் வெண்கலத்தின் கம்பீரத்தில் பாதி இந்த வரம்புகளால் வருவது. அவற்றுக்கு இடையே இரண்டு பெரிய கண்களோடு முறைத்துப் பார்க்கும் விலங்கு முகம் இருக்கும். இதற்குத் தாவ்தியே என்று பெயர். பின்னணி முழுக்கச் சதுரச் சுழிகள்.

பீங்கானில் செங்குத்து இணைப்புக் கோடே விழாது, சக்கரத்தில் சுற்றி எடுக்கும் பாத்திரத்துக்கு அச்சுத் துண்டுகள் ஏது? ஆனாலும் பல பீங்கான் கூ குவளைகளில் அந்த வரம்பைத் தனியாகச் செய்து ஒட்டியிருப்பார்கள். காதுத் துளை போலவே இதுவும் ஒரு தங்கிப்போன உறுப்பு.

அப்புறம் இன்னொன்று. டிங் போன்ற முக்காலிப் பாத்திரங்கள் வெண்கலம் வருவதற்கு முன்பே, புதிய கற்காலத்தில் சாதாரண மண்பாண்டமாக இருந்தவை. கீழே நெருப்பு மூட்ட வசதியாகக் கால்கள் வைத்தார்கள், அவ்வளவுதான். ஆகவே பீங்கான் டிங் என்பது மண்ணிலிருந்து வெண்கலத்துக்குப் போய், மறுபடியும் மண்ணுக்கே திரும்பிய உருவம்.

பச்சை எங்கிருந்து வந்தது?

புதிதாக வார்த்த வெண்கலம் பச்சையாக இருக்காது. பொன் போல மின்னும். ஷாங் அரசர்கள் கையில் ஏந்தியது அந்த மின்னும் பாத்திரத்தைத்தான். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்கடியில் கிடந்து களிம்பேறிய பிறகே பச்சையும் நீலமும் படர்ந்தன.

சொங் வம்சத்துக் காலத்தில் (960–1279) இந்தப் பழம்பொருட்கள் மீது படித்தவர்களுக்குப் பெரும் ஈடுபாடு வந்தது. கல்லறைகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் வெளிவந்த பாத்திரங்களைச் சேகரித்தார்கள், அவற்றின் மேலிருந்த எழுத்துகளைப் படித்தார்கள், அளந்தார்கள், வரைந்தார்கள். லூ தாலின் என்ற அறிஞர் 1092இல் படங்களோடு ஒரு தொகுப்பை முடித்தார். பேரரசர் ஹுய்சொங் அரண்மனைச் சேகரிப்பில் இருந்த 839 வெண்கலங்களுக்கு 30 பாகங்களில் பட்டியல் போட வைத்தார். இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்க்கும் கூ போன்ற பாத்திரப் பெயர்கள் பல அந்தக் காலத்து அறிஞர்கள் நிலைநிறுத்தியவைதான்.

அவர்கள் கண்ட வெண்கலம் பச்சையானது. அதனால் அவர்கள் மனதில் பழமையின் நிறமே பச்சை ஆகிவிட்டது. சொங் காலத்து ரூ, குவான், லாங்சுவான் ஆகிய வகைப் பீங்கான்களின் நீலப் பச்சை மெருகை, அதாவது சூளையில் கண்ணாடி போல உருகிப் படியும் பூச்சை, வெண்கலக் களிம்போடும், சீனர்கள் உயர்வாகக் கருதிய ஜேட் என்ற பச்சைக்கல்லோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். குயவர்கள் ஷாங் அரசன் கையில் இருந்த பாத்திரத்தை நகல் எடுக்கவில்லை. அதன்மேல் படிந்த இரண்டாயிரம் ஆண்டுகளையும் சேர்த்தே நகல் எடுத்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

இந்த லாங்சுவான் பச்சைப் பீங்கான் பெருமளவில் ஏற்றுமதியும் ஆனது. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் அதன் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை கப்பலில் வந்த வணிகச் சரக்கு. அரண்மனைக்காகச் செய்தவை வேறு ரகம்.

1127: பாத்திரங்கள் போயின, படங்கள் மிஞ்சின

1127இல் வடக்கிலிருந்து வந்த ஜின் படைகள் தலைநகர் கைஃபெங்கைக் கைப்பற்றி, ஹுய்சொங்கையும் அவர் மகனையும் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். சடங்குப் பாத்திரங்களும் கொள்ளை போயின. தப்பிய அரச குடும்பத்தினர் தெற்கே ஹாங்சௌவில் புது அரசவை அமைத்தார்கள்.

அங்கே உடனடியாக ஒரு சிக்கல். வானத்துக்கும் முன்னோருக்கும் முறைப்படி படையல் வைக்காத அரசரை யார் அரசர் என்று ஏற்பார்கள்? படையலுக்கோ பாத்திரம் இல்லை. வெண்கலத்தில் புதிதாக வார்க்கச் செம்பு வேண்டும், செம்போ நாணயத்துக்கே பற்றவில்லை. சரி, என்ன செய்வது? பட்டியல் நூல்களில் இருந்த படங்களைப் பார்த்து மண்ணில் செய்யச் சொன்னார்கள். ஹாங்சௌவில் அரசுச் சூளைகள் எழுந்தன. அரண்மனைக்கு அருகே ஒன்று, புறநகர் வழிபாட்டு மேடைக்குக் கீழே இன்னொன்று. இரண்டாவது சூளை இருந்த இடத்தில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது.

இங்கே செய்ததுதான் குவான் பீங்கான். கருமையான மண் உடல், அதன்மேல் பல முறை பூசிய தடித்த மெருகு. ஆறும்போது மெருகு உடலைவிட அதிகமாகச் சுருங்குவதால் மேற்பரப்பு முழுக்கச் சன்னமான வெடிப்புக் கோடுகள் விழும். முதலில் இது கோளாறு. பிறகு அதையே விரும்ப ஆரம்பித்தார்கள். பார்ப்பதற்குப் பழையதாக, மண்ணிலிருந்து தோண்டி எடுத்தது போலத் தோன்றியதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். குவான் குயவர்கள் ஒரு முடிவும் எடுத்தார்கள். வெண்கலத்தின் அடர்ந்த செதுக்கல்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டு உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தடித்த மெருகுக்கு அடியில் நுணுக்கமான செதுக்கல் எப்படியும் மூழ்கிவிடும். தேவை கற்றுக்கொடுத்த எளிமை அது. சீனப் பீங்கானின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் இந்த ஹூ சாடிகளைத்தான் காட்டுவேன்.

மதுக்குவளை பூச்சாடி ஆன விதம்

கூ குவளையின் பயணம் தனிக் கதை. ஷாங் காலத்தில் அது மது அருந்தும் சடங்குக் குவளை, கல்லறைகளில் ஏராளமாக வைத்தார்கள். ஷாங்கை வென்ற சௌ அரசர்கள், குடிவெறியால்தான் ஷாங் ஆட்சி அழிந்தது என்று அறிவித்தார்கள். அதற்குப் பின் மதுப் பாத்திரங்களின் எண்ணிக்கை குறைந்து, கூ ஏறக்குறைய வழக்கொழிந்தே போனது.

சொங் காலத்தில் அது மறுபடியும் மேசைக்கு வந்தபோது அதில் யாரும் குடிக்கவில்லை. விரிந்த வாய், ஒடுங்கிய இடை என்ற அந்த உருவம் பூக்கொத்தை நிறுத்த மிகப் பொருத்தம் என்று கண்டுகொண்டார்கள். மிங் காலத்தில் (1368–1644) பீங்கான் கூ பெருகியது. வழிபாட்டு மேசைக்கு ஐந்து பாத்திரத் தொகுதி ஒன்று உருவானது: நடுவில் டிங் உருவத்தில் ஊதுபத்திச் சட்டி, அதன் இரு பக்கமும் மெழுகுவர்த்தித் தண்டுகள், ஓரங்களில் இரண்டு கூ. இறைச்சி வெந்த பாத்திரத்தில் சாம்பலும், மது இருந்த குவளையில் மலரும் என ஆகிவிட்டது.

கூவின் கழுத்தில் மேல்நோக்கி நிற்கும் நீண்ட இலை வடிவங்களையும் பாருங்கள். வெண்கலத்தில் அவை கூர்மையான கத்தி போன்ற முக்கோணப் பட்டைகள். பீங்கானில் நீல வண்ணத்தால் தீட்டத் தொடங்கியதும் அவை நடு நரம்போடும் கிளை நரம்புகளோடும் வாழை இலைகளாகிவிட்டன.

ஜிங்தேசென்: ஆணையும் அடுப்பும்

சீனாவின் தென்கிழக்கில் ஜியாங்சி மாகாணத்தில் ஜிங்தேசென் என்ற ஊர். மிங், சிங் ஆகிய இரு வம்சங்களுக்கும் அரண்மனைப் பீங்கான் அங்கேயிருந்துதான் போனது. வெள்ளைக் களிமண்ணான கயோலினையும், இடித்துப் பொடித்த பீங்கான் கல்லையும் கலந்து, 1,300 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுட்டார்கள்.

மஞ்சூரியர்களான சிங் அரசர்கள் 1644இல் பெய்ஜிங்கைப் பிடித்தவர்கள். சீனர்களின் பார்வையில் அவர்கள் வெளியார். பழைய சௌ காலத்துச் சடங்குகளையும் உருவங்களையும் மற்ற எவரையும்விடச் சிரத்தையாகப் பேணுவதன் மூலம் தாங்களே முறையான வாரிசுகள் என்று காட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. சியான்லோங் (ஆட்சி 1736–1795) 1749இல் தன் அரண்மனை வெண்கலங்களுக்குப் பட்டியல் போட உத்தரவிட்டார். அதில் 1,529 பொருட்கள், 40 பாகங்கள். ஹுய்சொங்கின் பழைய பட்டியலை மிஞ்ச வேண்டும் என்ற எண்ணம் வெளிப்படை.

இவர்களின் ஆசையைச் செய்துகாட்டியவர் தாங் யிங். அரண்மனை அதிகாரியான இவரை 1728இல் ஜிங்தேசென்னுக்கு அனுப்பினார்கள். பீங்கானைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்தவர், மூன்று ஆண்டுகள் தொழிலாளர்களோடு உண்டு உறங்கி வேலையைக் கற்றதாக எழுதிவைத்திருக்கிறார். பிறகு சூளையில் அவருக்குத் தெரியாத எதுவும் இல்லை என்ற நிலை. 1743இல் சியான்லோங்கின் ஆணைப்படி, பீங்கான் செய்முறையைக் காட்டும் 20 ஓவியங்களுக்கு அவர் எழுதிய விளக்கங்கள் இன்றும் இத்துறையின் அடிப்படை ஆவணம்.

வேலை நடந்த விதம் சுவையானது. பெய்ஜிங்கிலிருந்து வரைபடம் வரும், சில சமயம் மரத்தில் செதுக்கிய மாதிரி வரும், சில சமயம் அரண்மனைச் சேகரிப்பிலிருந்தே பழைய சாடி ஒன்று ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து வரும். இப்படியே செய், ஆனால் காதை மாற்று, நிறத்தை மாற்று என்று குறிப்பும் இருக்கும். அப்படி வந்த மாதிரி பல நேரம் ஷாங் வெண்கலம் அல்ல, சொங் காலத்துக் குவான் சாடி. அதாவது நகலின் நகல். பேரரசர்களுக்கு இதில் குறையேதும் தெரியவில்லை. ஷாங்கையும் சொங்கையும் ஒருசேரத் தொட்டுவிட்டதாகவே கருதினார்கள்.

சதுர வடிவ ஹூ சாடி செய்வதுதான் பெரிய சோதனை. உருண்டைப் பாத்திரத்தைச் சக்கரத்தில் எடுத்துவிடலாம். சதுரத்துக்குக் களிமண் பலகைகளை வெட்டி, குழைத்த மண்ணால் ஓரங்களை ஒட்ட வேண்டும். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கினால் சுவர் வளையும், மூலை வெடிக்கும். வெண்கலத்தில் சதுரம் செய்வது எளிதாக இருந்ததால் வந்த வடிவத்தைப் பீங்கானில் இவ்வளவு பாடுபட்டுச் செய்தார்கள். அதனால் நேரான பெரிய சதுரச் சாடியைக் கண்டால், அதற்குப் பின்னால் உடைந்துபோனவற்றையும் எண்ணிக்கொள்ளலாம்.

நிறத்திலும் புது முயற்சிகள். இரும்பும் மெக்னீசியமும் கலந்த மெருகை மெதுவாக ஆறவிட்டால் பழுப்புப் பரப்பில் மஞ்சள் பச்சைப் புள்ளிகளாகப் படிகங்கள் பூக்கும். தேயிலைத் தூள் நிறம் என்று அதற்குப் பெயர். களிம்பேறிய வெண்கலத்தை மிக நெருக்கமாக நினைவூட்டுவது இது. இதற்கும் ஒரு படி மேலே போய், பீங்கான் என்றே தெரியாதபடி பழுப்பு உடல், ஆங்காங்கே பச்சைக் களிம்புத் திட்டு, தங்கத்தால் உள்பதித்த கோடு என்று வெண்கலத்தை அப்படியே வேஷம் கட்டிய சாடிகளையும் செய்தார்கள். சியான்லோங் காலத்துத் தொழில்நுட்பத்துக்கு இவை சான்று. இருந்தாலும், அவர் தந்தை யோங்செங் (1723–1735) காலத்து ஒற்றை நிறச் சாடிகள்தான் எனக்கு மேலாகத் தோன்றுகின்றன. வெண்கலத்தின் தோற்றத்தை விட்டுவிட்டு அதன் நிமிர்வை மட்டும் எடுத்துக்கொண்டவை அவை.

1748இல் சியான்லோங் திருத்தியது

மிங் வம்சத்தை நிறுவிய பேரரசர் 1369இலேயே சடங்குப் பாத்திரங்களைப் பீங்கானில் செய்ய ஆணையிட்டிருந்தார். ஆனால் நடைமுறையில் சாதாரணக் கிண்ணத்தையும் தட்டையும் வைத்துவிட்டு, பழைய வெண்கலப் பெயர்களால் அழைத்தார்கள். ஏறத்தாழ 380 ஆண்டுகள் இப்படியே ஓடியது. 1748இல் சியான்லோங் இதை மாற்றினார். பெயருக்கு ஏற்ற உருவம் வேண்டும் என்றார். குவெய் என்றால் குவெய் போலவே மூடியும் காதும் வைத்து, டௌ என்றால் உயரத் தண்டின் மேல் நிற்கும்படி செய்ய வேண்டும்.

ஒவ்வொரு வழிபாட்டு மேடைக்கும் ஒரு நிறம். வானத்துக்கு நீலம், பூமிக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெளிறிய நீல வெள்ளை. உருவம் முழுக்க வெண்கலம், நிறம் முழுக்கப் பீங்கான். உலோகத்தால் தர முடியாத ஒன்றைப் பீங்கான் இங்கே தந்தது. நகல் என்ற நிலையைத் தாண்டிவிட்ட இடம் இது என்பது என் கருத்து.

நேரில் பார்க்க நேர்ந்தால்

தைபேயிலும் பெய்ஜிங்கிலும் உள்ள அரண்மனை அருங்காட்சியகங்களில் இவை நிறைய உண்டு. லண்டன் போகிறவர்கள் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95ஆம் அறைக்குப் போகலாம். பெர்சிவல் டேவிட் சேகரித்த சுமார் 1,700 பீங்கான்கள் அங்கே இருக்கின்றன. இயலாதவர்கள் இந்த அருங்காட்சியகங்களின் இணையத் தளங்களிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

முதலில் வண்ணத்தை மறந்துவிட்டு நிழலுருவை மட்டும் பாருங்கள். கூவா, ஹூவா, டிங்கா என்பது உடனே தெரியும். பிறகு காதில் துளை, பக்கத்தில் வரம்பு, அடியில் உலோகத்துக்கே உரிய கூரான மடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சுற்றியுள்ள பட்டையில் இரண்டு கண்கள் தெரிந்தால் அது தாவ்தியே. செவ்வகமாக, மூலைகளில் கோடுகளோடு ஒரு சாடி இருந்தால் மட்டும் ஏமாறாதீர்கள். அது வெண்கலத்திலிருந்து வந்ததல்ல, சொங் என்ற வம்சப் பெயரோடு தொடர்பில்லாத 'த்சோங்' எனும் புதிய கற்காலப் பச்சைக்கல் சடங்குப் பொருளின் வடிவம்.

கடைசியாக அடிப்புறம். 'மாபெரும் சிங் வம்சம், சியான்லோங் ஆட்சியில் செய்தது' என்று ஆறு எழுத்தில் முத்திரை இருக்கும். பெரும்பாலும் அதுகூடப் பழங்கால முத்திரை எழுத்து வடிவத்திலேயே இருக்கும். ஆனால் அதை வைத்து மட்டும் காலத்தை முடிவு செய்யக் கூடாது. முந்தைய பேரரசரின் முத்திரையைப் பின்னால் வந்த குயவர்கள் மரியாதைக்காகவும் போட்டார்கள், விற்பனைக்காகவும் போட்டார்கள். மண்ணின் நிறம், அடிவிளிம்பைத் தேய்த்த விதம், மெருகு முடியும் இடம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் வல்லுநர்கள் காலத்தைச் சொல்கிறார்கள்.